ஃப்ளஷ் டேங்க் மெதுவாக நிரம்புகிறதா? வால்வை மாற்றும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

வேலூருக்கு மருத்துவம் பார்க்க வருகிற குடும்பங்களுக்கு எங்கள் மாடிப் பகுதியை வாடகைக்கு விடுகிறோம். சிலர் பத்து நாள் இருப்பார்கள், சிலர் மூன்று மாதம் இருப்பார்கள். போன சித்திரையில் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்த தன் அப்பாவோடு தங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணா, தப்பா நினைச்சிக்காதீங்க. அப்பா காலையில நாலஞ்சு தடவ போறாரு. டேங்க்ல தண்ணி ரொம்பறதுக்குள்ள அடுத்த தடவ வந்துடுது. அவரு ரொம்ப கூச்சப்படறாரு."

மேலே போய் நேரம் பார்த்தேன். 6 லிட்டர் டேங்க் நிரம்ப 11 நிமிடம் ஆனது. நல்ல உடம்புக்காரர்கள் இருக்கும் வீட்டில் இதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். நோயாளி இருக்கும் வீட்டில் அது பெரிய கஷ்டம். அன்றைக்கே கடைக்குப் போய், டேங்க்குக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வைப் புதிதாக வாங்கிப் பொருத்தினேன். 11 நிமிடம் 14 நிமிடமாக ஆனது.

எங்கள் தெருவில் குழாய் வேலை செய்தே வயதான பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "இன்னா தம்பி, பொருள மாத்திகினே இருந்தா எப்படி? தண்ணி எங்க நிக்குதுன்னு மொதல்ல பாரு" என்றார். அன்று அவர் காட்டிக்கொடுத்ததையும், அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து வீடுகளில் நானே பார்த்துச் சரிசெய்ததையும் சேர்த்து எழுதுகிறேன். குழப்பம் வராமல் இருக்க, மேலே உள்ளதை மொட்டை மாடித் தொட்டி என்றும் கழிப்பறையில் இருப்பதை டேங்க் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன் ஒரு அளவு

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு வாளி, ஒரு ரிஞ்சு, நேரம் பார்க்கக் கைப்பேசி. இவ்வளவுதான் வேண்டும்.

சுவரிலிருந்து தண்ணீர் வெளியே வரும் இடத்தில் இருக்கும் சின்னக் குழாய்தான் ஆங்கிள் காக். அதிலிருந்து டேங்க்குக்குப் போகும் வளைகிற குழாய் கனெக்ஷன் பைப். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, கனெக்ஷன் பைப்பை டேங்க் பக்கத்தில் கழற்றுங்கள். பைப்பில் நிற்கிற தண்ணீர் கொஞ்சம் கொட்டும், அதற்குத்தான் வாளி. இப்போது பைப்பின் வாயைப் பாட்டிலுக்குள் விட்டு, ஆங்கிள் காக்கை முழுதாகத் திறந்து, ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள்.

இதில் ஒரு சங்கதி முக்கியம். பைப்பின் வாய், டேங்க்குக்குள் அது நுழைகிற உயரத்திலேயே இருக்க வேண்டும். தரையில் இருக்கும் வாளிக்குள் தொங்கவிட்டு அளந்தால் தண்ணீர் கூடுதல் வேகத்தில் வரும். லைன் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவீர்கள். நம் வீடுகளில் தண்ணீர் உயரத்தின் பலத்தில்தான் வருகிறது. மொட்டை மாடித் தொட்டிக்கும் டேங்க்குக்கும் பத்தடிதான் வித்தியாசம் என்றால், அதில் இரண்டடியைக் கூட்டிக் காட்டுவது சின்ன விஷயம் ஆகாது.

ஒரு லிட்டர் 10 விநாடிக்குள் நிரம்பினால் லைனில் குறை இல்லை. நிமிடத்துக்கு 6 லிட்டருக்கு மேல் வருகிறது என்று அர்த்தம். டேங்க் வால்வின் வாய் குறுகலானது என்பதால் நிரம்புவதற்கு இந்தக் கணக்கைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். அப்படிப் பார்த்தாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். முடியவில்லையா? தடை டேங்க்குக்குள் இருக்கிறது. 20 விநாடிக்கு மேல் ஆனால் டேங்க்கைத் தொடவே வேண்டாம். தடை கனெக்ஷன் பைப்பிலோ, ஆங்கிள் காக்கிலோ, அதற்கும் முன்னாலோ இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறை இருக்கும். அதுவும் இங்கே சகஜம்தான்.

எங்கள் மாடியில் ஒரு லிட்டர் 9 விநாடியில் நிரம்பியது. அப்படியென்றால் நான் காசு கொடுத்து வாங்கிப் போட்ட புது வால்வுதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

மற்ற குழாய்களில் நன்றாக வருகிறது, டேங்க்கில் மட்டும் இழுக்கிறது

பத்தில் எட்டு வீட்டில் நான் கண்டது இதுதான். பக்கத்திலேயே ஹெல்த் ஃபாசெட் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். பல வீடுகளில் ஒரே டூ வே ஆங்கிள் காக்கிலிருந்து ஒரு வாய் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் இன்னொரு வாய் டேங்க்குக்கும் போகும். ஃபாசெட்டில் பீய்ச்சி அடித்தால், சுவருக்குள் வரும் லைன் சரி என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஆங்கிள் காக். வீட்டைப் பெருக்கும்போதோ கழுவும்போதோ கை பட்டுப் பாதி மூடியிருக்கலாம். முழுதாகத் திறந்து பாருங்கள். பழைய மாடலில், அதாவது நாலைந்து சுற்றுச் சுற்றித் திறக்கிற வகையில், உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்து தண்டிலிருந்து கழன்றுவிட்டால், கைப்பிடி என்னவோ சுற்றும், வாஷர் மட்டும் ஓட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கால் சுற்றில் திறக்கிற புது வகையில் இந்தத் தொல்லை கிடையாது.

கனெக்ஷன் பைப்பைக் கழற்றியிருக்கும்போதே வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வெளியே ஸ்டீல் பின்னல் பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் குழாய் உப்பி ஊசி போக இடம் இருக்காது. இரண்டு முனையிலும் உள்ள வாஷரைப் பாருங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் அது பிதுங்கிக்கொண்டு போய் ஓட்டையைப் பாதி மூடிவிடும். தேவைக்கு மேல் நீளமான பைப் போட்டு அதை மடக்கி வைத்திருந்தால், மடிந்த இடத்திலும் வழி குறுகும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், அடுத்தது சல்லடை. வால்வின் வாலில், கனெக்ஷன் பைப் மாட்டுகிற மரைக்குள், விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை செருகியிருக்கும். பலருக்கு அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எனக்கும் தெரியாது. மூக்குக் குறடால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். எங்கள் பழைய வால்வில் இருந்ததை இழுத்தபோது, மணலும் சுண்ணாம்புத் தூளும், பைப் வேலை செய்தபோது உள்ளே போன டெஃப்ளான் டேப் நூலும் சேர்ந்து களிமண் உருண்டை மாதிரி வந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் திரும்பச் செருகினேன். அந்தப் பழைய வால்வில் வேறு எந்தக் குறையும் இருக்கவில்லை.

"சல்லடையைத் தூக்கிப் போட்டுடுங்க, வேகமா வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. வரும், உண்மைதான். ஆனால் அதுவரை சல்லடையில் நின்ற மணல் இனிமேல் வால்வுக்குள் இருக்கும் ரப்பரில் போய் உட்காரும். மூன்று மாதத்தில் டேங்க் நிற்காமல் வழிய ஆரம்பிக்கும். மணல் அதிகம் வருகிற வீடாக இருந்தால், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு பெரிய ஃபில்டர் போடுங்கள். சின்னச் சல்லடையும் அதன் இடத்தில் இருக்கட்டும்.

நேற்று வரை சரியாக இருந்தது, இன்று திடீரென்று

என்ன நடந்தது என்று முந்தைய இரண்டு நாளை யோசியுங்கள். தொட்டி கழுவினீர்களா, பிளம்பர் வந்தாரா, சம்ப் அடிவரைக்கும் வற்றி மோட்டார் ஓடியதா? அக்னி நட்சத்திர நாட்களில் இங்கே போர் தண்ணீர் கீழே போய்விடும், மோட்டார் மணலையும் சேற்றையும் சேர்த்து இழுக்கும். அது தொட்டியின் அடியில் படிந்து, கலங்கிய நாளில் நேராகச் சல்லடைக்கு வந்து சேரும். ஆகவே மேலே சொன்ன சல்லடையையே முதலில் பாருங்கள்.

சல்லடை சுத்தமாக இருந்தால் வால்வின் தலையைத் திறக்க வேண்டும். இப்போது வருகிற, நெட்டுக்குத்தாக நிற்கும் வால்வுகளில், ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, மூடியைக் கொஞ்சம் அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்று வரும். உள்ளே காசு அளவில் ஒரு ரப்பர் தகடு இருக்கும். அதில் உள்ள ஊசிமுனை ஓட்டையில் ஒரே ஒரு மணல் துகள் நின்றாலும் வால்வு சரியாகத் திறக்காது, அல்லது சரியாக மூடாது. தகட்டை எடுத்துக் கழுவி வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எடுப்பதற்கு முன்பே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு திறந்திருக்கும் தலையின் மேல் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஆங்கிள் காக்கை ஐந்து விநாடி திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தங்கிய குப்பை எல்லாம் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். குவளை இல்லாவிட்டால் தண்ணீர் கூரை வரைக்கும் போகும்.

தொட்டி கழுவும் நாளில் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழுவத் தொடங்கும் முன் வீட்டில் உள்ள எல்லா ஆங்கிள் காக்கையும் மூடுங்கள். கழுவி நிரப்பிய பிறகு, சல்லடை இல்லாத ஒரு குழாயை, வாளி வைத்துப் பிடிக்கும் கீழ்க்குழாய் மாதிரி ஒன்றை, தண்ணீர் தெளிவாக வரும் வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். அதற்குப் பிறகுதான் ஆங்கிள் காக்குகளைத் திறக்க வேண்டும்.

மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி, பாகாயம் வரைக்கும் போர் தண்ணீரை நம்பி இருக்கும் வீடுகளில் இது நிச்சயம் ஒரு நாள் வரும். நம்முடையது பாறை நிலம். பாறை இடுக்கில் தேங்கி வருகிற தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதேதான் வால்வின் வாயிலும் படிகிறது.

தண்ணீர் உப்புக் கரிக்கவில்லையே, நமக்கு அந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்க வேண்டாம். நாக்கில் கரிக்கிறது பெரும்பாலும் சோடியம் உப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவால் நிலத்தடி நீர் உவர்ந்து போனதும், அதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கியதும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. அந்த உவர்ப்பு பயிரைக் கெடுக்கும், குடிக்க விடாது. டேங்க் வால்வை அடைக்கிற வேலையைச் செய்வது, வாயில் அவ்வளவாகத் தெரியாத கால்சியம்தான். ஷவரின் துளைகளைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பொறுக்கு இருந்தால் வால்வுக்குள்ளும் இருக்கிறது.

சரிசெய்வது சுலபம். ஆங்கிள் காக்கை மூடி, வால்வின் மூடி, ரப்பர் தகடு, சல்லடை எல்லாவற்றையும் கழற்றி, சமையலுக்கு வாங்கும் வினிகரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். வினிகர் இல்லையென்றால் மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கலந்துகொள்ளலாம். ரப்பரை இரவு முழுக்க ஊறப்போட வேண்டாம். குண்டூசியால் ஓட்டையைக் குத்தவும் வேண்டாம். ஓட்டை பெரிதாகிவிட்டால் வால்வு மூடும் கணக்கே மாறிவிடும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்க்குக்குள் ஊற்றுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரப்பரும் பித்தளையும் அரித்துப்போகும். அதைவிட முக்கியம், அந்த ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கும் கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து.

புது வால்வு போட்ட பிறகு இன்னும் மெதுவாகிவிட்டது

எனக்கு நடந்தது இதுதான். இதற்கு உயரக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்தில் நிற்கும் தண்ணீர் தருவது ஏறக்குறைய 1 கிலோ பிரஷர். எங்கள் மாடியில் டேங்க்குக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் பத்தடிதான் வித்தியாசம். ஆக, கிடைப்பது 0.3 கிலோ. கடையில் விற்கும் வால்வுகளில் பல, பம்ப் வைத்து இதைப்போல் பல மடங்கு பிரஷர் கொடுக்கும் கட்டடங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று செய்தவை. அவ்வளவு பிரஷரில் சத்தம் போடாமலும் தெறிக்காமலும் இருக்க, வாலில் ஒரு தடுப்பு போட்டு அனுப்புகிறார்கள். நடுவில் சின்ன ஓட்டை வைத்த பிளாஸ்டிக் துண்டு அது, பார்ப்பதற்குச் சட்டைப் பட்டன் மாதிரி இருக்கும். 0.3 கிலோ பிரஷரில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் நூல் மாதிரிதான் போகும்.

சல்லடையை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் அது தெரியும். குறடால் இழுத்து எடுத்துவிட்டு, சல்லடையை மட்டும் திரும்பச் செருகுங்கள். எங்கள் டேங்க் அந்த ஒரு துண்டை எடுத்ததும் 14 நிமிடத்திலிருந்து 3 நிமிடத்துக்கு வந்தது. பெட்டிக்குள் வைத்திருந்த தாளில் இது பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைப் படிக்காமல் தூக்கிப் போட்டிருந்தேன்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் பால் வால்வு என்று கேட்டால், லைனில் போடும் கால் சுற்று வால்வையும் எடுத்துக் கொடுப்பார்கள், டேங்க்கில் மிதவையோடு வருவதையும் கொடுப்பார்கள். ஃப்ளஷ் டேங்க்குக்கு, லோ பிரஷர், பக்கவாட்டில் மாட்டுவதா அடியில் மாட்டுவதா என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

முதலில் வேகமாக ஏறுகிறது, கடைசியில் இழுக்கிறது

கம்பி நுனியில் பந்து மாட்டிய பழைய வகையில் இது அதன் குணம். பந்து மேலே வர வர வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும், கடைசி ஒரு அங்குலம் மெதுவாகத்தான் நிரம்பும். முக்கால்வாசி நிரம்பியதுமே ஃப்ளஷ் நன்றாக அடிக்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். பாதியிலேயே இழுக்க ஆரம்பித்தால், பந்து டேங்க் சுவரில் உரசுகிறதா, பந்துக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா, கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மிதவையின் மட்டத்தை உயர்த்தலாம். ஆனால் தண்ணீர் நிற்கும் மட்டம், வழிந்தோடும் குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும்.

இதே அறிகுறியில் ஒளிந்துகொள்ளும் இன்னொரு குறை உண்டு. மேலே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அடியில் உள்ள வாஷர் வழியாகப் போய்க்கொண்டும் இருக்கும். வருவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர், போவது கால் லிட்டர் என்றால் டேங்க் எப்படிச் சீக்கிரம் நிரம்பும்? சில வீடுகளில் வரவும் போக்கும் சமமாகி, டேங்க் நிரம்பாமலே நிற்கும். டேங்க் நிரம்பிய நிலையில் ஆங்கிள் காக்கை மூடி, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் ஒழுக்கு உறுதி. கோடு போட முடியாத டேங்க்காக இருந்தால், துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கழிப்பறைக் கோப்பையைக் கவனியுங்கள். கோப்பையில் நீலம் வந்தால் அடி வாஷரைக் கழற்றிக் கழுவுங்கள். ஓரம் கெட்டிப்பட்டிருந்தாலோ கிழிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கோடைகாலத்தில் இந்த ஒழுக்கு ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யும். விடிந்து பார்த்தால் மோட்டாரின் மேல் சந்தேகம் வரும்.

வீடு முழுக்கவே தண்ணீர் மெதுவாக வருகிறது

அப்படியானால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் உள்ள கேட் வால்வைத் திருகிப் பாருங்கள். திறக்கும்போது ஒரு கட்டத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று வழியிலேயே கிடக்கிறது. வெயிலும் சுண்ணாம்பும் சேர்ந்து இங்கே கேட் வால்வை இறுக்கிவிடும். இறுகியதை ரிஞ்சு போட்டு முறுக்கினால் இப்படித்தான் ஆகும். அதை எடுத்துவிட்டுக் கால் சுற்று வால்வு போடுங்கள். மாதம் ஒருமுறை அதை மூடித் திறந்தால் இறுகாது.

தொட்டி முழுதாக வற்றி, மறுபடி நிரப்பிய பிறகு இது தொடங்கியதென்றால் ஏர் லாக். மொட்டை மாடியில் லைன் எங்கேயாவது மேடேறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். பத்தடி உயரத் தண்ணீருக்கு அதைத் தள்ளப் பலம் போதாது. முதலில் வீட்டின் எல்லாக் குழாய்களையும், குறிப்பாகத் தரைத் தளத்தில் தாழ்வாக உள்ளதை, ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். புஸ் புஸ் என்று காற்றும் தண்ணீருமாக வந்தால் வழி பிறந்துவிட்டது. வரவில்லை என்றால், மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாய் ஒன்று இருக்கும் வீடுகளில், அதற்கும் அடைபட்ட லைனில் உள்ள ஒரு குழாய்க்கும் ஒரு ஹோஸ் மாட்டி இரண்டையும் திறந்து, தண்ணீரை ஒரு நிமிடம் பின்பக்கமாக மேலே ஏற்றுங்கள். ஒருவர் மொட்டை மாடியில் நின்று தொட்டிக்குள் பார்க்க வேண்டும். குமிழ் வந்து அடங்கினால் மோட்டாரை நிறுத்திவிடலாம். அடிக்கடி இப்படி ஆகிற வீட்டில், கேட் வால்வுக்கு அடுத்து லைனிலிருந்து ஒரு பைப்பைத் தொட்டியின் உயரத்துக்கு மேல் ஏற்றி, நுனியில் வளைத்து விடச் சொல்லுங்கள். அந்த ஏர் பைப் இருந்தால் காற்று தானே வெளியேறிவிடும்.

பழைய வீடாக இருந்து, காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால் அது ஜி.ஐ. பைப்பின், அதாவது பழைய இரும்புக் குழாயின் துரு. எங்கள் கீழ் வீடு 1987-ல், இது பிரிபடாத வடாற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் கட்டியது. போன வருடம் ஒரு துண்டை அறுத்துப் பார்த்தோம். அரை அங்குலப் பைப்புக்குள் பென்சில் நுழைய இடமில்லை. அதற்குக் கழுவுகிற வைத்தியம் கிடையாது, பைப்பை மாற்றத்தான் வேண்டும்.

கீழே சரி, மாடியில் மட்டும் மெதுவாக

உயரக் குறைவு. இதற்குப் பலர் தொட்டியைத் தூக்கி வைக்கச் சொல்வார்கள். பத்தடி வித்தியாசத்தை மூன்றடி கூட்டினால் பிரஷர் பத்தில் மூன்று பங்கு கூடும். ஆனால் வரும் தண்ணீரின் அளவு அந்த விகிதத்தில் கூடாது, ஏழில் ஒரு பங்குதான் கூடும். அதே செலவில், தொட்டியிலிருந்து மாடிக் கழிப்பறை வரை போகும் அரை அங்குல லைனை முக்கால் அங்குலமாக மாற்றினால், இரண்டு மடங்குக்குக் குறையாமல் தண்ணீர் வரும். என் கட்சி எப்போதும் பைப்பின் பக்கம்தான்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் மெதுவாக இருந்து மற்ற நேரத்தில் சரியாக இருந்தாலும் இதே காரணம்தான். ஒரே லைனில் கீழே இருவர் குளித்தால் மேலே வர மிச்சம் இருக்காது. கழிப்பறைக்குத் தொட்டியிலிருந்தே தனி லைன் இழுத்துவிட்டால் தீரும்.

டேங்க் சுவருக்குள் பதித்த வகையாக இருந்தால், முன்னால் இருக்கும் பொத்தான் தகட்டை மேல்பக்கமாகத் தள்ளியோ கீழிருந்து நெம்பியோ எடுத்தால் உள்ளேயே ஒரு குட்டி ஆங்கிள் காக்கும் வால்வும் தெரியும். மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். சுவரை உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்.

சரியாகும் வரை

நோயாளி உள்ள வீட்டில், வேலை முடியும் வரை டேங்க்குக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதி வாளித் தண்ணீரை, ஆறு ஏழு லிட்டர் இருக்கும், கோப்பைக்குள் ஒரே மூச்சில் ஊற்றினால் ஃப்ளஷ் செய்த மாதிரியே இறங்கிவிடும். மெதுவாக ஊற்றினால் இறங்காது. மாடியில் இருந்த அந்த அப்பாவுக்கு அன்றைய பொழுதுக்கு இரண்டு வாளி நிரப்பிக் கதவோரம் வைத்தோம். மறுநாள் சாயங்காலம் டேங்க் சரியானதும் அவர் மகள் வந்து, "அப்பா கேக்க சொன்னாரு, எவ்ளோ நேரத்துல ரொம்புது இப்போ?" என்றார். 3 நிமிடம் என்று சொல்லியனுப்பினேன்.

அந்த 3 நிமிடத்தை, தேதியோடு டேங்க் மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் சரிசெய்த அன்றைக்கே அப்படி எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை நேரம் பார்த்து, முதல் எண்ணுக்குக் கீழே இரண்டாவது எண்ணையும் எழுதுங்கள். ஒரு நிமிடம் கூடியிருந்தால் சல்லடையைக் கழற்றிக் கழுவும் நாள் வந்துவிட்டது.